கௌதேரே: மகிழ்ச்சியில் தொடங்கிப் பத்திரம் வரை போன ஒரு லத்தீன் வினை

மார்ச் 4, காலை 7.52 | கடைசிபெஞ்ச்

லத்தீனில் 'கௌதேரே' என்றால் மகிழ்தல். ஆங்கில ஜாய், என்ஜாய், ரிஜாய்ஸ், பிரெஞ்சு ழுவா, ழுயிர், இத்தாலிய கொதேரே, ஸ்பானிய கோசார் எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அப்படியானால் இதில் எதைச் சொன்னாலும் 'மகிழ்ந்தேன்' என்றுதானே பொருள்? பிறகு ஏன் பிரெஞ்சுப் பாடநூல்கள் ழுயிர் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை? இன்னொரு சந்தேகம்: இதன் இறந்தகாலம் 'காவீசுஸ் சும்' என்று செயப்பாட்டுவினை மாதிரி நிற்கிறதே, ஏன்?

மார்ச் 4, காலை 9.15 | வினைத்திரிபு

இரண்டாவது கேள்விக்கு முதலில். லத்தீனில் 'பாதி வேஷக்கார' வினைகள் நான்கு உண்டு: அவ்தேயோ (துணி), சோலேயோ (வழக்கமாகச் செய்), கௌதேயோ (மகிழ்; கௌதேரேயின் 'நான்' வடிவம்), ஃபீதோ (நம்பு). நிகழ்காலத்தில் சாதாரணச் செய்வினை. முற்றுக்காலத்துக்கு வந்ததும் செயப்பாட்டுவினையின் சட்டையை மாட்டிக்கொள்ளும். பொருள் மட்டும் செய்வினைதான்.

சட்டை மாறினால் பாலும் எண்ணும் கூடவே ஒட்டிக்கொள்ளும். மகிழ்ந்தது ஆண் என்றால் காவீசுஸ் சும், பெண் என்றால் காவீசா சும், பலர் என்றால் காவீசீ சுமுஸ். இங்கேதான் மாணவர்கள் சறுக்குவது. 'எ' வகுப்பு வினைகளில் பெரும்பாலானவை ஹாபூயீ, மோனூயீ என்று போவதால் 'கௌதூயீ' என்று எழுதிவிடுவார்கள். செம்மொழி லத்தீனில் அப்படி ஒரு வடிவம் கிடையாது.

ஜாய் என்ற பெயர்ச்சொல் 'கௌதியும்' என்பதிலிருந்து வந்தது. ழுயிர் விஷயம் பெரியது, தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 9.40 | வினைத்திரிபு

சேர்க்க மறந்தது. கௌதேயோ எங்கே, காவீசுஸ் எங்கே என்று குழம்ப வேண்டாம். பழைய வடிவம் காவிதேயோ. நடுவில் இருந்த இகரம் விழுந்தது. கா-வ்-தேயோ சுருங்கி கௌதேயோ ஆனது. எச்சத்தில் மட்டும் பழைய உடம்பு அப்படியே தங்கிவிட்டது. இதே வேலை வேறு இரண்டு இடங்களிலும் நடந்திருக்கிறது: அவிதுஸ் (ஆவலுள்ள) என்பதிலிருந்து அவ்தேயோ, ஆரிதுஸ் (வறண்ட) என்பதிலிருந்து ஆர்தேயோ (எரி). மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மனப்பாடமே தேவையில்லை.

மார்ச் 4, மதியம் 1.05 | கடைசிபெஞ்ச்

உச்சரிப்பு? 'கௌதே' என்று படித்தால் கழுதை ஞாபகம் வருகிறது.

மார்ச் 4, மதியம் 1.30 | வினைத்திரிபு

கழுதைக்குப் பொறுப்பு தமிழ் எழுத்துதான். முதல் எழுத்தை 'கங்கை'யில் வரும் இரண்டாவது ககரம் போல ஒலிக்கவும். நடுவில் வருவது பல்லில் நாக்கு படும் தகரம், 'பந்து'வில் வருவது மாதிரி, டகரம் வேண்டாம். அழுத்தம் 'தே' மேல்.

மார்ச் 5, காலை 6.58 | வினைத்திரிபு

நேற்று ஜாய் 'கௌதியும்' என்ற ஒருமையிலிருந்து வந்தது என்று எழுதினேன். தவறு, திருத்துகிறேன். பிரெஞ்சு ழுவா பெண்பால். கௌதியும் அஃறிணைப்பால் ஒருமை. அது நேராக வந்திருந்தால் பிரெஞ்சில் ஆண்பாலாக ஆகியிருக்கும். வந்தது பன்மையான 'கௌதியா'விலிருந்து. பேச்சு லத்தீனில் அஃறிணைப்பால் தேய்ந்து மறைந்தபோது, 'ஆ' என்று முடியும் பன்மைகளை மக்கள் பெண்பால் ஒருமை என்று எடுத்துக்கொண்டார்கள். ஃபோலியா (இலைகள்) பிரெஞ்சில் ஃபேய் (ஓர் இலை) ஆனதும், வேலா (பாய்கள்) பெண்பால் 'வுவால்' (கப்பல் பாய்) ஆனதும் இதே கதை. 'மகிழ்ச்சிகள்' என்ற பன்மைதான் பிரெஞ்சில் மகிழ்ச்சி என்ற ஒருமையாகி, அங்கிருந்து கப்பல் ஏறி ஆங்கிலத்தில் ஜாய் ஆனது.

ஒலி எப்படி மாறியது என்று கேட்பார்கள், அதனால் இப்போதே. பிரெஞ்சில் அகரத்துக்கு முன் வரும் ககரம் (கங்கையின் இரண்டாவது ககரம்) முதலில் 'ஜ' ஆகி, பிறகு இங்கே 'ழ' என்று நாம் எழுதும் ஒலியாகும் (தமிழ் ழகரம் அல்ல, ஆங்கில 'ப்ளெஷர்' நடுவில் வரும் ஒலி): காம்பா (கால்) ழாம்ப் ஆனது. 'ஔ' ஒலி பிரெஞ்சில் 'ஒ' ஆக மாறியது இந்த மாற்றத்துக்குப் பிறகு. அதனால்தான் ககரத்துக்கு 'ஜ' ஆக நேரம் கிடைத்தது. வரிசை தலைகீழாக நடந்திருந்தால் ஆங்கிலத்தில் இன்று ஜாய் இல்லை, 'காய்'தான்.

மார்ச் 5, காலை 8.20 | வினைத்திரிபு

இப்போது ழுயிர். எழுத்தெழுத்தாகப் பார்த்தால் இவ்வளவுதான்:

முதல் படி: கௌதேரே பேச்சு லத்தீனில் வகுப்பு மாறி 'கௌதீரே' ஆனது.
இரண்டாம் படி: இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய தகரம் பிரெஞ்சில் கரைந்து போனது.
மூன்றாம் படி: முன் ககரம் மேலே சொன்னபடி 'ழ' ஆனது.

சரிபார்க்க ஜோடி வேண்டுமா? அவ்தீரே (கேள்) பிரெஞ்சில் 'ஊயிர்'. கௌதீரே 'ழுயிர்'. அச்சில் வார்த்த மாதிரி. (ஊயிர், உயிர் அல்ல. யாராவது அதை வைத்துத் தமிழ்தான் மூலம் என்று ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.) பக்கத்து (தெற்கு பிரான்சின்) ஆக்சிதானிய மொழியில் அதே தகரம் கரையாமல் 'ஸ' ஒலியின் அதிர்வு வடிவமானது, அங்கே அவ்ஸிர், கௌஸிர்.

பிரெஞ்சில் இது ஃபினிர் (முடி) என்ற வினையின் வகுப்பில் ஓடும்: ழெ ழுயி, நூ ழுயிசோன். அந்த நடு 'இஸ்'தான் ஆங்கிலத்தில் ஃபினிஷ், பனிஷ் என்ற சொற்களின் வாலாக நிற்பது. ரிஜாய்ஸ் என்பதின் கடைசி 'ஸ்'ஸும் அதே வால்தான். என்ஜாய் மட்டும் வால் இல்லாமல் வந்துவிட்டது.

மார்ச் 5, காலை 11.10 | கடைசிபெஞ்ச்

ஒலியெல்லாம் சரி. பொருள் கேட்டேன்.

மார்ச் 5, மாலை 6.45 | வினைத்திரிபு

வருகிறேன். இந்தக் குடும்பத்தில் பெயர்ச்சொல் ஒரு பக்கமும் வினைச்சொல் ஒரு பக்கமும் போய்விட்டன. பெயர்கள் (ழுவா, ஜாய், கத்தலான் கோய்ச்) மகிழ்ச்சியிலேயே இருந்தன. வினைகள் மனசை விட்டுக் கையிருப்புக்குப் போயின: ஒன்றை வைத்துக்கொண்டு பலன் பெறுவது. ழுயிர் என்றால் இன்றைக்கு இரண்டே இடம். ஒன்று 'ழுயிர் த' போட்டு ஓர் உரிமையையோ நல்ல நிலைமையையோ பெற்றிருப்பது: நல்ல உடல்நலம், நல்ல பெயர், ஓய்வூதியம், கடல் தெரியும் ஜன்னல். இரண்டாவது, பின்னால் எதுவும் இல்லாமல் தனியாக வந்தால் படுக்கையறைப் பொருள். பாடநூல்கள் ஒதுங்கிப் போவது அதனால்தான்.

ஆகவே கச்சேரி நன்றாக இருந்தது என்று சொல்ல 'ழே ழுயி' என்று எழுந்து நின்று அறிவிக்காதீர்கள். மேசையில் முள்கரண்டிகள் கீழே விழும். 'சா மா ப்லு' (எனக்குப் பிடித்தது) போதும். விடுமுறையை அனுபவித்தேன் என்பதற்கு 'ப்ரொஃபித்தே த'. மனம் மகிழ்வதைச் சொல்ல பிரெஞ்சு ஒரு முன்னொட்டு போட்டுப் புது வினை செய்துகொண்டது: ரேழுயிர். 'ழெ ம ரேழுயி' என்றால் 'மகிழ்கிறேன்', எந்தச் சபையிலும் சொல்லலாம்.

மார்ச் 5, மாலை 7.30 | வினைத்திரிபு

இதே ஆபத்து ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் உண்டு. ஸ்பானியத்தில் கோசார் (ஸ்பெயினில் அந்தச் சகரம் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து) 'கோசார் தே' என்று வந்தால் நல்ல உடல்நலம் போன்றவற்றைப் பெற்றிருத்தல். பிரேசிலில் கொஸார் என்பதற்குப் படுக்கையறைப் பொருள் முன்னால் நிற்கும். 'கொஸார்' செய்யப்படுபவர் மனிதராக இருந்தால் கேலி செய்தல் என்றும் ஆகும். மகிழ்கிறேன் என்பதற்கு இரு மொழியிலும் 'அலெக்ரார்' குடும்பம்தான் பத்திரம். இத்தாலிய கொதேரே கொஞ்சம் விசாலமானது, 'கொதெர்ஸி லா வீத்தா' என்றால் வாழ்க்கையை அனுபவித்தல், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் தனியாக 'கோதோ!' என்று இளைஞர்கள் சொன்னால், எதிரணி தோற்றதில் இவருக்குக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 6, காலை 10.05 | பத்திர எழுத்தர்

இழையை நேற்று முழுக்க வாசித்தேன். ஐயா, 'ஒன்றை வைத்துக்கொண்டு பலன் பெறுதல்' என்றீர்களே, அது எங்கள் தொழில் சொல். ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் 'தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வரும். அங்கே அனுபவிப்பது என்றால் யாரும் குதித்துக் கும்மாளம் போடுவதில்லை. குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், தேங்காய் பறிக்கலாம், அவ்வளவுதான். பிரெஞ்சிலும் அப்படியா?

மார்ச் 6, காலை 10.50 | வினைத்திரிபு

அப்படியே. 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 544-ஆம் பிரிவு சொத்துரிமையை ஒரு பொருளை 'ழுயிர்' செய்யவும் கைமாற்றவும் உள்ள உரிமை என்று வரையறுக்கிறது. 578-ஆம் பிரிவு 'யூஸூஃப்ருயி': அடுத்தவர் சொத்தை உரிமையாளரைப் போலவே 'ழுயிர்' செய்யும் உரிமை, ஆனால் மூலப்பொருளைக் கெடுக்காமல் வைத்திருக்கும் கடமையோடு. தென்னந்தோப்பென்றால் காயைப் பறிக்கலாம், மரத்தை வெட்டி விற்கக் கூடாது. குடியிருப்பவரை வீட்டுக்காரர் தொந்தரவு செய்தால் அதற்குச் சட்டப் பெயர் 'த்ரூப்ல் த ழுயிசான்ஸ்', அனுபவத்துக்கு இடையூறு. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரம் கையில் எடுப்பவர்கள் 'ழுயிசான்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துப் பதறவோ புன்னகைக்கவோ வேண்டாம். 'அனுபோகம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

மார்ச் 6, காலை 11.20 | வினைத்திரிபு

ஆனால் இது ரோமானியச் சட்டத்தில் கௌதேரேயின் வேலையே இல்லை. அங்கே இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது 'ஃப்ரூயீ' என்ற வேறு வினை. 'ஊத்தீ ஃப்ரூயீ', பயன்படுத்திப் பலன் பெறுதல், அதிலிருந்துதான் யூஸூஃப்ரக்ட். ஃப்ரூயீ பேச்சில் செத்துப் போயிற்று. 'ஃப்ருக்துஸ்' வழியாகப் பழம் என்ற பெயர் மட்டும் (பிரெஞ்சு ஃப்ருயி, ஆங்கில ஃப்ரூட்) தப்பியது. காலியான நாற்காலியில் கௌதேரேயின் பிள்ளை உட்கார்ந்துகொண்டது.

திடீரென்று நடந்ததும் அல்ல. இடைக்கால லத்தீனில் போப்பாண்டவர் ஆணைகளிலும் சலுகைப் பட்டயங்களிலும் 'ஊத்தீ, ஃப்ரூயீ, பொத்தீரீ எத் கௌதேரே' என்று நான்கு வினையை ஒரே மூச்சில் அடுக்குவார்கள்: பயன்படுத்தவும், பலன் பெறவும், கைக்கொள்ளவும், மகிழவும். நம் பத்திரத்து 'ஆண்டு அனுபவித்து' மாதிரியே, ஒரு சொல் விட்டுப்போனால் பின்னால் வழக்கு வருமோ என்ற பயத்தில் எழுதிய அடுக்கு. அந்த வரிசையில் நின்று நின்றே மகிழ்தல் சட்டச் சொல்லாகிவிட்டது.

மார்ச் 6, மதியம் 12.40 | பத்திர எழுத்தர்

போக்கியம்?

மார்ச் 6, மதியம் 2.15 | வினைத்திரிபு

அருமை, அதைத் தொட்டிருக்க வேண்டும். வடமொழி 'புஜ்' (உண், துய்) என்ற வேரிலிருந்து போகம், போக்கியம் இரண்டும். போகம் என்றால் இன்பம். முப்போகம் என்னும்போது விளைச்சல். போக்கியம் என்றால் பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதில் வீட்டையோ நிலத்தையோ வைத்துப் பலன் எடுப்பது. இன்பம், விளைச்சல், அடமானம், மூன்றும் ஒரே வேரில். கௌதேரே நடந்த பாதைதான் இதுவும். இரண்டுக்கும் உறவு கிடையாது, வழிதான் ஒன்று.

அனுபவி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 'செஞ்சதுக்கு அனுபவிக்கிறான்' என்றால் துன்பப்படுகிறான். கடன் வாங்கிய 'என்ஜாய்' மட்டும் தமிழில் அந்தப் பக்கம் போகவில்லை. ஊர்ப் பணத்தில் 'என்ஜாய் பண்றான்' என்னும்போது நாக்கில் ஒரு கசப்பு இருக்கும், அவ்வளவே.

மார்ச் 6, மாலை 5.30 | வடமராட்சி

எங்கட பக்கத்துப் பத்திரங்களில 'சீவிய உரித்து' எண்டு எழுதுவினம். பிள்ளைக்கு வீட்டை எழுதிக் குடுத்துப்போட்டு, சாகுமட்டும் இருந்து பலன் எடுக்கிற உரிமையைத் தாய் தேப்பன் தங்களுக்கு வைச்சிருக்கிறது. அதுவும் உந்த யூஸூஃப்ரக்ட் தானே?

மார்ச் 6, மாலை 6.10 | வினைத்திரிபு

கிட்டத்தட்ட அதேதான். இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கருத்து ரோமிலிருந்து நெதர்லாந்து வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. சொல் மட்டும் நல்ல தமிழ்.

மார்ச் 8, காலை 7.15 | கடைசிபெஞ்ச்

வாக்கியத்தில் எப்படிப் போடுவது? கௌதேயோ விக்தோரியாம் சரியா?

மார்ச் 8, காலை 8.00 | வினைத்திரிபு

தவறு, அதுவும் ஆங்கிலம் வழியாக வந்த தவறு. என்ஜாய்க்கு நேரடிச் செயப்படுபொருள் உண்டு. கௌதேரேக்குப் பொதுவாகக் கிடையாது. தமிழை வைத்து யோசித்தால் சரியாக வரும்: 'வெற்றியை மகிழ்ந்தேன்' என்று நாமும் சொல்வதில்லை, 'வெற்றியால்', 'வெற்றியில்' என்றுதான் சொல்வோம். அந்த 'ஆல்', 'இல்' இரண்டையும் லத்தீனில் அப்லேத்திவ் வேற்றுமையே செய்துவிடும்: கௌதேயோ விக்தோரியா, கடைசி ஆ நெடில்.

காரணத்தை வாக்கியமாகச் சொல்ல இரு வழி. 'க்வோத்' போட்டு: கௌதேயோ க்வோத் வேனிஸ்தீ (நீ வந்ததால் மகிழ்கிறேன்). அல்லது எழுவாயை இரண்டாம் வேற்றுமைக்கு மாற்றி, வினையை எச்சமாக்கி: கௌதேயோ தே வேனிஸ்ஸே. இரண்டாவதில் 'தே' இருப்பதைப் பார்த்து 'உன்னை மகிழ்கிறேன்' என்று மொழிபெயர்த்தால் மதிப்பெண் போகும்.

விதிவிலக்கு உண்டு, மகிழ்ச்சியையே மகிழ்வது. நாம் 'ஆட்டம் ஆடினான்' என்பது போல. விவிலிய லத்தீனில் மத்தேயு 2:10-ல் ஞானிகள் விண்மீனைக் கண்டதும் 'காவீசீ சுந்த் கௌதியோ மாக்னோ வால்தே'. ஆனால் அங்கேயும் கவனியுங்கள், கௌதியோ அப்லேத்திவ்தான். நான் விதிவிலக்கு என்று தொடங்கியதே விதிக்குள் அடங்கிவிட்டது. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 8, காலை 8.25 | வினைத்திரிபு

மாணவர் பாட்டு 'கௌதேயாமுஸ் இகிதுர்' பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில். கௌதேமுஸ் என்றால் 'மகிழ்கிறோம்'. நடுவில் ஓர் 'ஆ' நுழைந்து கௌதேயாமுஸ் ஆனால் 'மகிழ்வோமாக'. அந்த ஓர் உயிரெழுத்தில் செய்தி அழைப்பாக மாறிவிடுகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1880-ல் எழுதிய கல்வி விழா முன்னிசையின் கடைசியில் பெரிதாக எழும் மெட்டு இதுதான்.

கட்டளைப் பன்மை 'கௌதேத்தே'. கத்தோலிக்கருக்குத் தெரிந்திருக்கும்: திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, குருவானவர் ஊதாவை விட்டு ரோஜா நிற உடை போடும் நாள். பிலிப்பியர் 4:4-ஐ ஒட்டிய வருகைப் பாடலின் முதல் சொல்லே ஞாயிறுக்குப் பெயராகிவிட்டது. செபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்களும் இந்தக் குடும்பம்தான் (கௌதியோசா). ஆனால் மன்றாட்டு மாலையில் வரும் 'எங்கள் மகிழ்ச்சியின் காரணமே' வேறு குடும்பம். அங்கே மூலத்தில் இருப்பது லேத்தித்சியா.

மார்ச் 8, இரவு 9.20 | கடைசிபெஞ்ச்

கௌதியும், லேத்தித்சியா, இரண்டும் மகிழ்ச்சிதானே? லத்தீன்காரர்களுக்கு வித்தியாசம் இருந்ததா?

மார்ச் 9, காலை 6.40 | வினைத்திரிபு

தெருவில் பெரிதாக இல்லை. தத்துவக்காரர்கள் கோடு போட்டார்கள். கிக்கரோ (சிசரோ என்று பள்ளியில் படித்தவர்) துஸ்குலம் உரையாடல்களின் நான்காம் நூலில் ஸ்தோயிக்குகளின் (உணர்ச்சியை அறிவால் ஆளச் சொன்ன தத்துவக்காரர்கள்) பாகுபாட்டை விளக்குகிறார்: அறிவோடு, அமைதியாக, நிலைகொண்டு மனம் மகிழ்ந்தால் கௌதியும், காரணமில்லாமல் துள்ளினால் லேத்தித்சியா. முன்னது அறிவாளிக்குத் தகும், பின்னது தகாது. பாடம் நடத்துவதற்காகத்தான் பிரிக்கிறோம் என்று அவரே ஒப்புக்கொள்வதும் பிடித்திருக்கிறது.

ரோமானியத் தத்துவக்காரர் செனெகா 23-ஆம் கடிதத்தில் உண்மையான கௌதியும் கடுமையான காரியம் (ரேஸ் செவேரா) என்கிறார். லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கத்தின் முழக்கவாசகம் இதை எடுத்து 'ரேஸ் செவேரா வேரும் கௌதியும்' என்று முன்பின்னாக வைத்தது. லத்தீனில் சொல்வரிசை மாறினால் இலக்கணம் மாறாது, ஆனால் காதில் விழுவது மாறுகிறது: 'தீவிரமான காரியமே உண்மை மகிழ்ச்சி'. செனெகா மகிழ்ச்சியைப் பற்றிச் சொன்னார்; இசையரங்கம் இசையைப் பற்றிக் கேட்டுக்கொண்டது. எனக்கு இரண்டாவதும் பிடிக்கும், ஆனால் அது செனெகா சொன்னதில்லை.

மார்ச் 9, காலை 7.05 | வினைத்திரிபு

சில்லறைக் கேள்விகளுக்கு மொத்தமாக:

ஜாய்ஸ் என்ற பெயர் ஜாயிலிருந்து வந்ததல்ல. பிரத்தோன் (வடமேற்கு பிரான்சின் மொழி) பெயரான யூதோக் தேய்ந்து வந்தது. பிறகு ஒலி ஒற்றுமையால் மகிழ்ச்சியோடு ஒட்டவைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் பதற வேண்டாம், லெட்டிஷியா நிஜமாகவே மகிழ்ச்சி.

பவேரியாவில் 'கௌடி' என்றால் கூத்தும் கும்மாளமும், கௌதியும் சுருங்கியது. பார்சிலோனாக் கட்டடக் கலைஞர் கௌடியை இதில் இழுக்காதீர்கள்.

ஆங்கில 'காடி' (பகட்டான) ஓர் அடிதடி. மஞ்சள் சாயம் தரும் செடியின் பிரெஞ்சுப் பெயரான 'கோத்' என்று ஒரு கட்சி. செபமாலையின் பெரிய மணிகளுக்கு 'காடி' என்று பெயர் இருந்தது, அது கௌதியும் வழி என்று இன்னொரு கட்சி. ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரி விருந்தான 'காடி' மட்டும் சந்தேகமில்லாமல் நம் குடும்பம்.

ருமேனியத்தில் இந்தக் குடும்பத்தின் நேர் வாரிசு இல்லை. அங்கே மகிழ்ச்சி 'புகுரியே', அல்பேனிய 'புகுர்' (அழகான) என்பதன் உறவு.

மார்ச் 9, காலை 7.30 | கடைசிபெஞ்ச்

இத்தாலிய ஜோயா? கொதேரே ககரத்தில் இருக்க, ஜோயா மட்டும் ஏன் ஜகரத்தில்?

மார்ச் 9, காலை 8.10 | வினைத்திரிபு

நல்ல காது. அந்த ஜகரமே சாட்சி, அது வீட்டுப் பிள்ளை இல்லை. இத்தாலியில் அந்த ககரம் மாறுவதில்லை. காம்பா இன்றும் காம்பாதான். ஆகவே ஜோயா பிரெஞ்சிலிருந்து மலை தாண்டி வந்த கடன். சொந்தமாக வைத்திருப்பது ஏட்டு வடிவமான 'கௌதியோ'. பழமொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது: 'மால் கொமூனே, மெத்ஸோ கௌதியோ', எல்லாருக்கும் வந்த கஷ்டம் பாதி சந்தோஷம்.  ஸ்பானியத்தின் சொந்தச் சொல் கோசோ. அதிலிருந்துதான் வினை கோசார் செய்தார்கள். அதாவது ஸ்பானியத்தில் வினை, கௌதேரேயின் நேர் வாரிசு இல்லை. முதல் நாள் நீங்கள் போட்ட பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் 'பேரப்பிள்ளை' என்பதற்குப் பதில் 'பெயர்ச்சொல்லுக்குப் பிறந்த வினை' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 11, இரவு 10.15 | வினைத்திரிபு

ஒன்று விட்டுப்போனது. போர்த்துகீசியத்தில் கௌதியும் தன் சொந்த ஒலிவிதிப்படி 'கோய்வு' ஆனது. பழைய மொழியில் மகிழ்ச்சி என்றே பொருள். பிறகு பக்கத்து வீட்டு ஸ்பானிய 'கோசோ' வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கோய்வு இன்றைக்கு ஒரு பூவின் பெயர்: நான்கு இதழ், ஊதாவும் வெள்ளையும், நல்ல வாசனை.